எக்சேர்ட் என்றால் முயற்சிதானே, பிறகேன் பிழை?

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு தரம் வாசித்தேன். முல்லைத்தீவுப் பக்கம் ஒரு தொண்டு நிறுவனத்தில் களவேலை செய்கிறீர்கள். வாய்க்கால் திருத்தியதைப் பற்றி ஆங்கிலத்தில் அறிக்கை எழுதியபோது 'எக்சேர்ட்' என்ற சொல்லை மூன்று இடத்தில் போட்டிருக்கிறீர்கள். மூன்றையும் பொறுப்பதிகாரி சிவப்புப் பேனையால் வெட்டிவிட்டார். "அகராதியில் முயற்சி செய், செல்வாக்குச் செலுத்து என்றுதானே கிடக்கிறது, பிறகேன் பிழை?" என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் சொல்லின் பொருளைக் கேட்பதாக எனக்குப் படவில்லை. பொருள் உங்களுக்குத் தெரியும். அந்தச் சொல் வசனத்துக்குள் தனியே வந்து குந்துமா, வேறு யாரையாவது கூட்டிக்கொண்டுதான் வருமா என்பதுதான் உங்கள் சிக்கல். அகராதியின் தமிழ்ப் பொருளை மட்டும் பார்ப்பவர்கள் எல்லாரும் விழுகிற குழி இது. நானும் விழுந்திருக்கிறேன், அதைப் பிறகு சொல்கிறேன்.

கிளிநொச்சி மாவட்டத்துப் பள்ளிக்கூடங்களில் இருபத்தேழு வருடம் ஆங்கிலம் படிப்பித்து ஓய்வு பெற்றவன் நான். மொழியியல் பட்டம் ஒன்றும் என்னிடம் இல்லை. பிள்ளைகளின் கொப்பிகளைத் திருத்தித் திருத்தி வந்த அறிவுதான். ஆகவே இலக்கணத்தில் உறுதியானதை உறுதியென்று சொல்கிறேன், என் காதுக்குப் படுவதை என் காது என்றே சொல்கிறேன். இரண்டையும் கலந்துவிடாதீர்கள். இன்னொன்று, ஆங்கில வசனங்களையும் தமிழ் எழுத்திலேயே எழுதுகிறேன். வாய்விட்டு வாசித்துப் பாருங்கள், விளங்கும்.

உங்கள் முதல் வசனம், 'த ஃபாமேர்ஸ் எக்சேர்ட்டட் டு ரிப்பெயர் த சனல்'. கமக்காரர் வாய்க்காலைத் திருத்தப் பாடுபட்டார்கள் என்று சொல்ல வந்திருக்கிறீர்கள். இரண்டாவது, 'வீ எக்சேர்ட்டட் த ஒஃபிசேர்ஸ்'. அதிகாரிகளுக்கு அழுத்தம் கொடுத்தோம் என்று சொல்ல நினைத்தது. மூன்றாவது, மாரியில் குளத்துத் தண்ணீர் குளக்கட்டை எப்படி நெருக்கியது என்பதைப் பற்றியது. முதல் இரண்டும் பிழை, அதில் சந்தேகமே இல்லை. மூன்றாவதைக் கடைசியில் பார்ப்போம், அதில் ஒரு கதை இருக்கிறது.

முதலில் உறுதியான பகுதி. எக்சேர்ட் என்பது செயப்படுபொருள் இல்லாமல் நிற்காத வினை. நல்ல அகராதி என்றால் சொல்லுக்குப் பக்கத்தில் வீ.டீ. என்று இரண்டு சின்ன எழுத்துப் போட்டிருக்கும், செயப்படுபொருள் வேண்டிய வினை என்பதன் சுருக்கம் அது, நாங்கள் அதைத் தாண்டிப்போய் தமிழ்ப் பொருளைப் பிடித்துக்கொள்வோம். அந்த இரண்டு எழுத்துக்குள்தான் உங்கள் முதல் வசனத்தின் பிழை கிடக்கிறது. எக்சேர்ட் என்று சொன்னவுடன் ஆங்கிலக்காரன் காது "எதை?" என்று கேட்கும். ஃபோர்ஸ், பிரஷர், இன்ஃபுளுவன்ஸ், கொன்ட்ரோல், ஒதோரிட்டி, பவர், புல் என்று ஏதாவது ஒன்றை நீங்கள் கொடுக்கவேண்டும். அதாவது விசை, அழுத்தம், செல்வாக்கு, கட்டுப்பாடு, அதிகாரம், பலம், இழுப்பு. கொடுத்த பிறகு இன்னொரு கேள்வி வரும்: "எதன் மேல்?" அதற்கு ஒன் அல்லது ஓவர் போட்டு மறுமொழி சொல்லவேண்டும். சில வேளை இந்த இரண்டாவது கேள்விக்கு மறுமொழி சொல்லாமல் விடலாம், வாசிப்பவர் ஊகித்துக்கொள்வார். முதலாவதை விடவே முடியாது.

இந்தப் பட்டியலில் ஆட்கள் யாரும் இல்லை என்பதைக் கவனியுங்கள். மனிதரைத் தூக்கி எக்சேர்ட்டுக்குப் பின்னால் நேரடியாக வைக்க முடியாது. அதனால்தான் 'வீ எக்சேர்ட்டட் த ஒஃபிசேர்ஸ்' பிழைத்துப் போனது. அதிகாரிகளை எடுத்து வெளியே நீட்டினோம் என்பது போல ஒரு விசித்திரமான ஓசை அதற்கு வந்துவிடுகிறது. வெளியே வருவது அழுத்தம், அதிகாரிகள் அதை வாங்கிக்கொள்பவர்கள். ஆகவே 'வீ எக்சேர்ட்டட் பிரஷர் ஒன் த ஒஃபிசேர்ஸ்'. ஆள் வரக்கூடிய ஒரே இடம், செய்பவர் தன்னையே சொல்லும்போதுதான்: எக்சேர்ட் மைசெல்ஃப், ஹிம்செல்ஃப், தெம்செல்வ்ஸ். உங்கள் கமக்காரருக்கு வேண்டியிருந்தது அந்த 'தெம்செல்வ்ஸ்'.

வெளியே நீட்டினோம் என்று நான் சும்மா சொல்லவில்லை. இது லத்தீனிலிருந்து 17 ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்த சொல். எக்ஸ் என்றால் வெளியே. பின்பாதி செரேரே, கோர்ப்பது, சேர்ப்பது என்ற பொருளுள்ள வினை. அதே வினையின் முன்னால் உள்ளே என்ற பொருளில் இன் போட்டால் இன்சேர்ட், உள்ளே பொருத்து. அசேர்ட்டும் அதே குடும்பம்தான். ஆங்கிலத்தில் எக்சேர்ட்டின் பழைய பொருளும் வெளியே தள்ளு, நீட்டு என்பதே. தாவரவியலில் அந்தப் பழைய பொருள் இன்னும் உயிரோடு இருக்கிறது. முற்றத்துச் செவ்வரத்தம்பூவைப் பாருங்கள், இதழ்களைத் தாண்டி மகரந்தத் தண்டு ஒன்று நாக்கை நீட்டியது மாதிரி வெளியே நிற்கும். அப்படி வெளியே நீண்டு நிற்கும் கேசரங்களை ஆங்கிலத்தில் எக்சேர்ட்டட் என்றுதான் எழுதுவார்கள், எழுத்துக்கூட்டும்போது நடுவில் ஒரு 'எஸ்' கூடுதலாக வரும், அவ்வளவுதான். வகுப்பில் இந்தச் சொல்லைச் சொல்லித்தரும் நாளில் ஒரு செவ்வரத்தம்பூவைப் பிடுங்கிக்கொண்டு போவேன். பிள்ளைகள் இலக்கணத்தை மறந்தாலும் பூவை மறக்கமாட்டார்கள். உள்ளே இருப்பது எதுவோ வெளியே வருகிறது, வந்து இன்னொன்றில் படுகிறது. முயற்சிக்கும் செல்வாக்குக்கும் ஒரே சொல் எப்படி வந்தது என்று நீங்கள் கேட்டிருந்தீர்களே, இதுதான் வழி. உடம்புக்குள் இருக்கும் பலம் வெளியே வந்தால் முயற்சி. ஒருவரிடம் இருக்கும் பலம் வெளியே வந்து இன்னொருவரில் பட்டால் செல்வாக்கு.

இனி நான் விழுந்த குழியைச் சொல்கிறேன். சமாதானம் இருந்த ஒரு காலத்தில், முறிகண்டிக்குப் பக்கத்தில் வேலை செய்துகொண்டிருந்தேன். ஒரு மாணவனின் அப்பப்பா ஆஸ்பத்திரியில் ஐந்தாறு நாள் கிடந்துவிட்டு வந்தார், நெஞ்சு நோ. விடும்போது கொடுத்த துண்டைக் கொண்டு பேரன் என்னிடம் வந்தான், கிழவரும் சைக்கிள் பாரில் இருந்தபடி வந்திறங்கினார். துண்டின் அடியில் கோழிக் கிறுக்கலில் இரண்டு சொல், 'அவொயிட் எக்சேர்ஷன்'. எக்சேர்ட்டின் பெயர்ச்சொல் எக்சேர்ஷன். நான் பெரிய மாஸ்டர் மாதிரிக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, "முயற்சியைத் தவிர்க்கவும் என்று எழுதியிருக்கு அப்பு" என்றேன். கிழவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். "முயற்சியை விட்டா கமக்காரன் என்னத்தைத் தின்னுறது மாஸ்டர்? அந்த டொக்குத்தர் அப்பிடிச் சொல்லியிருக்கமாட்டார்" என்றார். எனக்கு முகம் சுருங்கிப் போனது. திரும்பவும் துண்டைப் பார்த்துவிட்டு, "உடம்பை முறிச்சு வேலை செய்யக்கூடாதாம்" என்று மாற்றினேன். "அப்பிடிச் சொல்லுங்கோ. மண்வெட்டி பிடிக்கக்கூடாது, மூட்டை தூக்கக்கூடாது. அதுதானே?" என்றார். அதேதான்.

அன்றைக்குத்தான் இந்தச் சொல் எனக்கு விளங்கியது. முயற்சி என்பது தமிழில் மனதால் செய்வதையும் பிடிக்கும். வேலை தேடுவது முயற்சி, கல்யாணம் பேசுவது முயற்சி, சோதனைக்குப் படிப்பதும் முயற்சி. எக்சேர்ட் வன்செல்ஃப் என்பது பெரும்பாலும் மூச்சு வாங்கும் முயற்சி. உடம்பை முறித்து, தம் கட்டி, வியர்வை ஒழுகச் செய்வது. வைத்தியர்கள் நோயாளியிடம் "மாடி ஏறும்போது, சைக்கிள் உழக்கும்போது மூச்சு வாங்குதா?" என்று கேட்டுவிட்டுக் கொப்பியில் எக்சேர்ஷன் என்று குறித்துக்கொள்வது இதனால்தான். மனதால் செய்வதற்கு ஆங்கிலத்தில் எக்சேர்ட் வன்செல்ஃப் வராது என்று நான் சொல்லவில்லை. வரும், ஒரு வழக்கில் தோழருக்காகப் பாடுபட்டவரைப் பற்றியும் அப்படி எழுதலாம். ஆனால் அங்கேயும் சாதாரண முயற்சிக்கு மேலே, தன்னைப் பிழிந்து கொடுத்தார் என்ற தொனி இருக்கும். 'எக்சேர்ட்டட் ஹிம்செல்ஃப் டு ஓப்பின் த லெட்டர்' என்று ஒருவன் எழுதினால், கடிதத்தைத் திறக்கவே களைத்துப் போனானா என்று சிரிப்பு வரும். ஆங்கிலக்காரர் அந்தச் சிரிப்பை வேண்டுமென்றே பாவிப்பதும் உண்டு. சோம்பேறியைப் பார்த்து 'டோன்ட் எக்சேர்ட் யுவர்செல்ஃப்' என்பார்கள். எங்கள் வீடுகளில், பாயை விட்டு எழும்பாத பிள்ளையைப் பார்த்து அம்மா "பாத்து ராசா, உடம்பு நொந்துபோடும்" என்பாவே, அந்த நக்கல்தான்.

இனி உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த ஒரு தமிழ்ச் சொல்லை ஞாபகப்படுத்துகிறேன். எட்டாம் ஒன்பதாம் வகுப்பில் விஞ்ஞானப் புத்தகத்தில் 'திரவங்கள் அமுக்கத்தை உஞற்றும்', 'பொருளின் மீது உஞற்றப்படும் விசை' என்று படித்திருப்பீர்கள். பாதிப்பேர் உஞற்று என்பதை உச்சரிக்க முடியாமல் முழுங்கிவிட்டு அடுத்த வரிக்குப் போயிருப்பார்கள். அந்த உஞற்றுதான் எக்சேர்ட். எங்கள் பாடப்புத்தகக்காரர்கள் சும்மா ஒரு சொல்லை உருவாக்கவில்லை, குறளிலேயே இருக்கிற சொல் அது. ஆள்வினையுடைமையின் கடைசிக் குறள், 620 ஆவது:

ஊழையும் உப்பக்கம் காண்பர் உலைவின்றித்
தாழாது உஞற்று பவர்.

சோர்ந்து போகாமல், குறைவிடாமல் உஞற்றுகிறவர்கள் ஊழையே முதுகு காட்டி ஓடவைப்பார்கள் என்பது கருத்து. அதற்கு முந்திய மடியின்மை அதிகாரத்திலும் 'மாண்ட உஞற்றிலவர்' என்று இரண்டு குறளில் வருகிறது, நல்ல முயற்சி இல்லாதவர்கள் என்று பொருள். பாருங்கள், வள்ளுவரிடம் இந்தச் சொல் முயற்சி. விஞ்ஞானப் புத்தகத்தில் இதே சொல் ஒரு பொருள் இன்னொரு பொருளின் மேல் செலுத்தும் விசை. ஆங்கிலத்தின் எக்சேர்ட் பிடித்திருக்கும் இரண்டு முனையையும் எங்கள் உஞற்று தனியாகவே பிடித்திருக்கிறது. தமிழ்நாட்டுப் பிள்ளைகள் விசையைச் செலுத்து, அழுத்தம் என்று படிக்கிறார்கள். எங்களுக்கு அமுக்கமும் உஞற்றும். மாரியில் வானொலி தாழமுக்கம் என்று சொல்லும்போது சின்னப்பிள்ளைக்கும் விளங்குகிறது, உஞற்று மட்டும் இன்னும் வகுப்பறைக் கதவைத் தாண்டவில்லை.

இப்போது முக்கியமான இடம். வள்ளுவரின் உஞற்று தனியே நிற்கிறது. 'தாழாது உஞற்றுபவர்' என்றால் போதும், எதை என்று யாரும் கேட்கமாட்டார்கள். பாடப்புத்தகத்தின் உஞற்று தனியே நிற்காது, விசையை உஞற்றும், அமுக்கத்தை உஞற்றும் என்று ஒரு 'ஐ' வேண்டும், இன்னதன் மீது என்றும் வேண்டும். உங்கள் முதல் வசனம், 'ஃபாமேர்ஸ் எக்சேர்ட்டட்', வள்ளுவர் இலக்கணத்தில் எழுதிய ஆங்கிலம். தமிழாக இருந்தால் நூற்றுக்கு நூறு சரி. ஆங்கிலம் கேட்பது விஞ்ஞானப் புத்தகத்தின் இலக்கணத்தை. இதைச் சொன்ன பிறகு என் வகுப்பில் அந்தப் பிழை பாதியாகக் குறைந்தது என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம், மீதிப் பாதி நான் ஓய்வு பெறும்வரை வந்துகொண்டுதான் இருந்தது.

ஒன், ஓவர் பற்றிச் சுருக்கமாக. ஃபோர்ஸ், பிரஷர், புல் மூன்றுக்கும் ஒன். 'த மூன் எக்சேர்ட்ஸ் எ புல் ஒன் த சீ', சந்திரன் கடலை இழுக்கிறது. கொன்ட்ரோலுக்கும் ஒதோரிட்டிக்கும் ஓவர். இன்ஃபுளுவன்ஸ் இரண்டோடும் வரும். ஓவர் போட்டால் செல்வாக்குச் செலுத்துபவர் ஒருபடி மேலே நிற்கிறார், மற்றவர் அவருடைய பிடிக்குள் இருக்கிறார் என்ற சாயல் கூடும். ஊர்ப் பெரியவர் ஒருவரின் பேச்சு இளைஞர்களைத் தொடுகிறது என்றால் ஒன் போடுவேன். ஒருவர் கிழித்த கோட்டைக் குடும்பத்தில் யாரும் தாண்டுவதில்லை என்றால் ஓவர்.

எக்சர்சைஸ் என்ற சொல்லோடுதான் பெரிய குழப்பம். இதில் ஒரு பகுதி உறுதி, ஒரு பகுதி என் காது. உறுதியானது இது: உரிமையை, வாக்குரிமையை எக்சர்சைஸ் செய்யலாம், எக்சேர்ட் செய்ய முடியாது. அவதானத்தை, பொறுமையை எக்சர்சைஸ் செய்யலாம், எக்சேர்ட் செய்ய முடியாது. மறுபக்கம், பௌதிகத்து விசையையும் அமுக்கத்தையும் எக்சேர்ட் செய்யலாம், எக்சர்சைஸ் செய்ய முடியாது. நடுவில் செல்வாக்கு, கட்டுப்பாடு, அதிகாரம் என்று இரண்டும் வரக்கூடிய ஒரு பொதுக்காணி இருக்கிறது. அதில் எங்கே எதைப் போடுவது என்பது வழக்கமும் காதும் பார்த்து முடிவெடுப்பது. என் காதுக்கு, பதவியோ சட்டமோ கையில் கொடுத்ததை எடுத்துப் பாவிப்பது எக்சர்சைஸ். யார் கொடுத்தது என்று தெரியாவிட்டாலும் மறுபக்கம் உணரும்படி போய்ப் படுவது எக்சேர்ட். பிரதேச செயலாளர் தன் அதிகாரத்தை எக்சர்சைஸ் செய்கிறார். கமக்காரர் அமைப்பில் எந்தப் பதவியும் வகிக்காத ஒரு வயதாளி கூட்டத்தின் கடைசி வாங்கில் இருந்துகொண்டு, "இந்தச் சிறுபோகம் மேட்டுக்காணிக்குத் தண்ணி காணாது" என்று ஒரு வசனம் சொல்கிறார், முழுக்கூட்டமும் மனதை மாற்றிக்கொள்கிறது. அவர் எக்சேர்ட் செய்தது இன்ஃபுளுவன்ஸ். வேறு ஆசிரியர்கள் இந்த வித்தியாசத்தை இவ்வளவு கறாராகப் பிரிக்கமாட்டார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன்.

சந்தேகத்துக்குரிய இன்னொரு இடம் 'எக்சேர்ட் எஃபேர்ட்'. முயற்சியை எக்சேர்ட் செய்தார்கள் என்று எழுதலாமா? எழுதுகிறார்கள். பன்னாட்டு நிறுவனங்களின் அறிக்கைகளில் 'எக்சேர்ட் எவ்ரி எஃபேர்ட்' அடிக்கடி கண்ணில் படும், நீங்களும் அங்கேயிருந்துதான் பொறுக்கியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். இலக்கணப்படி அதில் பிழை இல்லை, 'எதை' என்ற கேள்விக்கு மறுமொழி இருக்கிறது. ஆனால் பிரித்தானிய ஆங்கிலத்தில் பழகிய காதுக்கு 'மேக் அன் எஃபேர்ட்' தான் இயல்பு. முயற்சிக்குள்ளேயே எக்சேர்ட்டின் பொருள் பாதி இருப்பதால் ஒரே சோற்றுக்கு இரண்டு தரம் உப்புப் போட்டது மாதிரி இருக்கும். நான் கொப்பியில் இதை வெட்டமாட்டேன், அடியில் ஒரு அலைக்கோடு மட்டும் போடுவேன்.

உச்சரிப்பும் ஒரு வார்த்தை. தமிழில் எக்சேர்ட் என்று எழுதினாலும் வாயில் முதல் ஒலி 'இ'க்குக் கிட்ட வரும், அழுத்தம் முழுக்க 'சேர்ட்' மேல் விழும், நடுவில் வருவது 'க்ஸ்' இல்லை, எக்ஸாம் என்பதை ஆங்கிலக்காரர் சொல்லும்போது கேட்கும் அந்த வண்டு ரீங்காரம். எக்சர்சைஸில் அழுத்தம் முதல் அசையில், அதனால் அங்கே ரீங்காரம் இல்லை, வெறும் 'க்ஸ்'. இரண்டையும் ஒரே மாதிரிச் சொல்லிப் பழகியவர்கள் எழுதும்போதும் குழப்புவார்கள் என்பது நான் கண்ட உண்மை.

அறிக்கை எழுதுகிறவர் என்பதால் இன்னொன்றும் சொல்லவேண்டும். இந்தச் சொல்லுக்குச் செயப்பாட்டு வினையில் ஒளிந்துகொள்ள ஆசை அதிகம். 'பிரஷர் வோஸ் எக்சேர்ட்டட் ஒன் த விலேஜேர்ஸ்', கிராமத்தவர் மீது அழுத்தம் பிரயோகிக்கப்பட்டது. இலக்கணம் சரி, ஆனால் யார் பிரயோகித்தது? எங்கள் பத்திரிகைகளிலும் 'அழுத்தங்கள் பிரயோகிக்கப்பட்டு வருகின்றன' என்று பார்த்துப் பார்த்துக் கண் பழகிவிட்டது. யாரென்று தெரிந்தால் எழுதுங்கள், எழுத முடியாத காரணம் இருந்தால் தெரிந்தே செயப்பாட்டைப் பாவியுங்கள். வன்னியில் இருந்து எழுதியவர்களுக்கு அந்தக் காரணம் பல காலம் இருந்தது, நான் அதைப் பிழை சொல்லவில்லை. பழக்கத்தால் வரக்கூடாது என்றுதான் சொல்கிறேன்.

சரி, உங்கள் வசனங்களுக்கு வருவோம். முதலாவதை 'த ஃபாமேர்ஸ் எக்சேர்ட்டட் தெம்செல்வ்ஸ் டு ரிப்பெயர் த சனல்' என்று திருத்தலாம், பிழையில்லை. ஆனால் நான் எழுதினால் 'த ஃபாமேர்ஸ் வேர்க்ட் ஹார்ட்' என்று விட்டுவிடுவேன். வாய்க்கால் வெட்டியவர்களே வாசித்தாலும் விளங்கும் ஆங்கிலம் அது. கதைக்கும்போது ஆங்கிலக்காரர் ட்ரை, வேர்க் ஹார்ட், புஷ் என்றுதான் சொல்கிறார்கள், எக்சேர்ட் எழுத்துக்கும் வைத்தியருக்கும் பௌதிகத்துக்கும் உரியது. இரண்டாவதுக்கு 'எக்சேர்ட்டட் பிரஷர் ஒன் த ஒஃபிசேர்ஸ்' சரி. ஆனாலும் தம்பி, நீங்கள் உண்மையில் செய்தது அழுத்தம் கொடுத்ததா, இரண்டு கடிதம் எழுதி ஒருமுறை போய்க் கண்டு கதைத்ததா? இரண்டாவது என்றால் அதையே எழுதுங்கள். அந்த அதிகாரிகளும் ஒருநாள் இந்த அறிக்கையைப் பார்க்கக்கூடும்.

மூன்றாவது, 'த வோட்டர் எக்சேர்ட்டட் கிரேட் பிரஷர் ஒன் த பண்ட்'. இதில் எக்சேர்ட்டட் என்பதை வெட்டிப் பொறுப்பதிகாரி 'எக்சர்சைஸ்ட்' என்று போட்டிருக்கிறார். இங்கே நீங்கள்தான் சரி. தண்ணீருக்குப் பதவியும் இல்லை, உரிமையும் இல்லை, அது எதையும் எக்சர்சைஸ் செய்யாது. அது அமுக்கத்தை உஞற்றுகிறது. ஒவ்வொரு மீற்றர் ஆழத்துக்கும் சதுர மீற்றருக்கு ஏறக்குறைய 1 தொன் எடை கூடிக்கொண்டு போகும். இரணைமடு மாதிரி 30 அடிக்கு மேல் தண்ணீர் கட்டும் குளத்தில் அடிப்பக்கத்துக் கட்டு ஒவ்வொரு சதுர மீற்றரிலும் 9 தொன்னுக்கு மேல் தாங்கிக்கொண்டு நிற்கிறது. குளக்கட்டு மேலே ஒடுங்கியும் அடியில் அகன்றும் இருப்பது அதற்காகத்தான், குளத்துத் தண்ணீரைத் திறந்துவிடும் துருசடியில் நின்று தண்ணீர் பாய்கிற வேகத்தைப் பார்த்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பொறுப்பதிகாரியிடம் இதைக் கொண்டுபோகும்போது ஒன்பதாம் வகுப்பு விஞ்ஞானப் புத்தகத்தையும் கையோடு கொண்டுபோங்கள். முதல் இரண்டையும் அவர் திருத்தியது சரி என்று முதலில் ஒப்புக்கொண்டுவிட்டு, பிறகு மூன்றாவதைக் காட்டுங்கள்.